ஓக் மரங்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயம்: ஷிங்கெல் ஏன் காட்டை வரைந்தார்?

கேட்கப்பட்டது இது: “பெர்லின் போய்வந்த நண்பர் ஒரு படம் கொடுத்தார். முன்னால் பெரிய ஓக் மரங்கள், அவற்றின் அடியில் கல்லறைகள், இலைகளுக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு கோத்திக் தேவாலயம். ஷிங்கெல், 1810 என்று போட்டிருக்கிறது. அவர் பெரிய கட்டடக் கலைஞர் என்கிறார்கள். கட்டடக் கலைஞர் ஒருவர் கட்டடத்தை மரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்து ஏன் வரைய வேண்டும்? இது பேனாவால் வரைந்த படமா, அச்சா?”

சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன். அச்சுதான். கல்லச்சு. அச்சகங்களில் பழைய ஆட்கள் லித்தோ என்பார்களே, அதுவேதான். ஆனால் உங்களிடம் இருப்பது 1810-இல் கல்லிலிருந்து எடுத்த தாளாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வைத்து ஏதாவது ஓர் இலையைப் பாருங்கள். கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைந்து தெரிந்தால் அது ஆஃப்செட்டில் அடித்த நவீன நகல். அசலில் ஒவ்வொரு கோடும் முழுக் கறுப்பாக, உடையாமல் ஓடும். செப்புத் தகட்டு அச்சாக இருந்திருந்தால் படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் ஒன்று தாளில் விழுந்திருக்கும். கல்லச்சில் அது இருக்காது. நகலாக இருந்தாலும் வருத்தப்பட வேண்டாம். சுவரில் மாட்டிவைத்துத் தினமும் பார்க்கத் தகுந்த படம் இது.

மரத்துக்குப் பின்னால் ஏன் ஒளித்தார் என்பதற்கான விடையை ஷிங்கெல் படத்தின் தலைப்பிலேயே எழுதிவைத்துவிட்டார். பட்டியல்களில் ‘கல்லறைகளோடு கூடிய ஓக் தோப்புக்குப் பின்னால் கோத்திக் தேவாலயம்’ என்றுதான் இதைக் குறிக்கிறார்கள். (கோத்திக் என்பது கூர்வளைவுகளும் உயர்ந்த கோபுரங்களும் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி.) அது பின்னால் வந்தவர்கள் வசதிக்கு வைத்த பெயர். அவர் வைத்த தலைப்பு ஒரு நீண்ட வாக்கியம். தேவாலயத்திலிருந்து ஒலித்துவரும் வழிபாட்டின் நாதத்தைக் கேட்கையில் நெஞ்சை நிறைக்கிற இனிய, ஏக்கம் மிகுந்த துயரை வெளிப்படுத்த ஒரு முயற்சி. கல்லின் மேல் வரைந்தவர் ஷிங்கெல். ஏறத்தாழ இதுதான் அதன் பொருள். ‘துயர்’ என்று நான் எழுதிய இடத்தில் ஜெர்மனில் ‘வேமூட்’ என்ற சொல் இருக்கிறது. அழுகையும் இல்லை, சோர்வும் இல்லை, இனிக்கிற வலி. அந்திநேரத்தில் தூரத்துக் கோயிலிலிருந்து நாகஸ்வரம் காற்றில் மிதந்து வரும்போது காரணமே இல்லாமல் தொண்டை அடைக்குமே, அதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் கிடைத்தால் இங்கே போட்டுக்கொள்ளலாம்.

தலைப்பைப் படித்தவுடன் படம் தலைகீழாகிவிடுகிறது, கவனியுங்கள். இது தேவாலயத்தைப் பற்றிய படமே இல்லை. வெளியே நின்று கேட்கிற ஒருவரைப் பற்றிய படம். பாட்டு உள்ளே நடக்கிறது, நாம் கல்லறைகளுக்கு நடுவே நிற்கிறோம். கட்டடம் முழுதாகத் தெரிந்துவிட்டால் நாம் பார்க்க ஆரம்பித்துவிடுவோம், கேட்க மாட்டோம். அதனால்தான் இலைத்திரை. சத்தம் மரங்களுக்கு ஊடே எப்படிக் கசிந்து வருமோ, அப்படியே கட்டடத்தையும் கசியவிடுகிறார்: இங்கே சன்னலில் கொஞ்சம் கல் பின்னல், அங்கே கொஞ்சம் கூர்வளைவு, மேலே கிளைகளுக்கு இடையில் கோபுரம். ஓசையை வரைய முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் ‘முயற்சி’ என்ற சொல்.

இனி, கட்டடக் கலைஞருக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வி. 1810-இல் அவருக்கு வயது 29. பெர்லினில் இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் புதிய காவல் மாளிகை, நாடக அரங்கம், பழைய அருங்காட்சியகம் எல்லாம் அவர் கட்டியவை. ஆனால் காவல் மாளிகை 1818-இலும், நாடக அரங்கம் 1821-இலும், அருங்காட்சியகம் 1830-இலும்தான் முடிந்தன. இந்தப் படத்தை வரைந்த ஷிங்கெல் கையில் கட்டடமே இல்லாதவர்.

காரணம் நெப்போலியன். ஷிங்கெல் 1803-இல் இத்தாலிக்குப் புறப்பட்டு, ரோம், நேப்பிள்ஸ், சிசிலி எல்லாம் சுற்றி, பாரிஸ் வழியாக 1805-இல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு அக்டோபர் 14 அன்று யேனாவிலும் அவுவர்ஷ்டெட்டிலும் நெப்போலியனின் படைகளிடம் பிரஷ்யப் படை நொறுங்கியது. (பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மன் அரசுதான் பிரஷ்யா.) இரண்டு வாரம் முடிவதற்குள் நெப்போலியன் பெர்லினுக்குள் குதிரையில் வந்துவிட்டார். அரச குடும்பம் கிழக்கே ஓடியது. 1807-இல் பிரான்ஸோடு டில்சிட் சமாதான ஒப்பந்தம். நாட்டில் ஏறக்குறையப் பாதி போயிற்று, மீதிக்குப் போர் இழப்பீட்டுக் கடன். அந்த நிலையில் யார் மாளிகை கட்டுவார்கள்? படித்து முடித்து, உலகம் பார்த்துத் திரும்பிய இளைஞருக்குச் செங்கல் ஒன்று வைக்கவும் வாய்ப்பில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்ததுதான் இந்தப் படத்துக்குச் சாவி என்று நினைக்கிறேன். பெர்லினில் வில்ஹெல்ம் கிரோப்பியுஸ் என்பவர் காட்சிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். அவருக்காக ஷிங்கெல் 1807 முதல் பெரிய ஒளிக்காட்சிப் படங்கள் வரைந்து கொடுத்தார். பலெர்மோ நகரத்தை வட்டமாகச் சுற்றிக் காட்டும் பனோரமா ஒன்று 1808-இல் வந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போவார்கள். அறை இருட்டு. தொலைநாட்டு நகரங்கள், பேராலயங்கள் வரைந்த படத்தின் மேல் மட்டும் வெளிச்சம், கூடவே இசை. நாடு திரும்பிய அரச தம்பதியே வந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் கண்ணோடு கல்லச்சைப் பாருங்கள். முன்னால் இருண்ட மரங்கள், நாடக மேடையின் பக்கத்திரை போல. பின்னால் வெளிறிய தேவாலயம், விளக்கு அங்கேதான் எரிகிறது. இரண்டுக்கும் நடுவே காற்று. தலைப்பிலோ பாட்டு. கிரோப்பியுஸின் கூடத்தில் துணியும் விளக்கும் பாடகர்களும் சேர்ந்து செய்ததை இங்கே ஒரு தாள் தனியாகச் செய்யப் பார்க்கிறது. தாள் என்றால் சின்னதுதான்: ஏறத்தாழ 49 செ.மீ. உயரம், 34 செ.மீ. அகலம்.

கல்லச்சு அப்போது புத்தம்புது வித்தை. அலோய்ஸ் ஸெனஃபெல்டர் அதைப் பவேரியாவில் கண்டுபிடித்துப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதன் தத்துவம் சிறுபிள்ளைக்கும் புரியும்: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. பவேரியாவின் ஸோல்ன்ஹோஃபென் பகுதியில் வெட்டியெடுக்கும் மென்மையான சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாகத் தேய்த்து, கொழுப்புக் கலந்த மையால் அதன் மேல் வரைய வேண்டும். பிறகு கருவேலம் பிசினும் சில சொட்டு நைட்ரிக் அமிலமும் கலந்து பூசினால், வரையாத இடமெல்லாம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினால் கோடுகள் மட்டும் மையை ஏற்கும். தாளை வைத்து அழுத்த வேண்டியதுதான். செதுக்கல் வேலையே கிடையாது. (1861-இல் ஒரு தொல்பறவையின் சிறகு புதைபடிவமாகக் கிடைத்ததும் இதே வகைக் கல்லில்தான். அந்தப் பறவையின் விஞ்ஞானப் பெயரில் இன்றும் ‘லித்தோகிராபிகா’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அச்சுக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளும் விஷயம்.)

சொல்ல எளிது. மாணவனாக இருந்தபோது ஒரு கல்லில் மூன்று நாள் உட்கார்ந்து ஆலமரம் ஒன்று வரைந்தேன். முதல் தாளை உரித்துப் பார்த்தால், மரத்துக்கு மேலே வெறும் வானத்தில் என் கட்டைவிரல் ரேகை, வரி வரியாக, அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது. விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசை போதும். கல் அதையும் கோடு என்று எடுத்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஷிங்கெலின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் போவது வெள்ளையாக விட்ட இடங்களுக்குத்தான். இத்தனை இலைகளை வரைந்த கை, இந்த வெள்ளையைத் தொடாமல் எப்படித் தாண்டிப் போயிற்று?

இன்னொரு சிக்கலும் உண்டு. கல்லில் இரண்டு விதமாக வரையலாம். கல்லைச் சொரசொரப்பாக்கி, மெழுகுக் கரிக்கோலால் தேய்த்து வரைந்தால் பென்சில் போலச் சாம்பல் நிறச் சாயைகள் கிடைக்கும். வழவழப்பான கல்லில் பேனாவால் வரைந்தால் சாம்பல் என்பதே இல்லை. கறுப்பு அல்லது வெள்ளை. ஷிங்கெல் எடுத்தது பேனா. ஆக, காட்டின் இருட்டு முழுவதையும் கோடுகளை நெருக்கியும் விலக்கியும்தான் வரவழைக்க வேண்டும். அடர்ந்த இடம் தேவையா, கோட்டின் மேல் கோடு. தேவாலயம் ஒளியில் நிற்க வேண்டுமா, மெல்லிய கோடுகளை அகல விட்டுவிடு. நிழலை இப்படிக் கோட்டால் கணக்குப்போட்டுக் கட்டுவது கட்டட வரைபடம் போடுகிறவர்களின் அன்றாடப் பழக்கம். அந்தக் கைப்பழக்கமே இலைக்கு மாறியிருக்கிறது. கல்லில் நேராக வரைந்தால் எல்லாம் இடம்வலம் மாறித்தான் அச்சாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் ஏன் ஓக், ஏன் கோத்திக்? இங்கே அரசியல் வருகிறது. கோத்திக் பாணியும் காடும் ஒன்று என்ற எண்ணம் ஐரோப்பாவில் பழையது. மரங்களை வளைத்துக் கட்டிய குடிலிலிருந்துதான் கூர்வளைவு பிறந்தது என்ற கருத்து ரஃபேல் போப்பாண்டவருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்திலேயே இருக்கிறது. 1772-இல் ஜெர்மன் கவிஞர் இளம் கதே ஷ்ட்ராஸ்புர்க் பேராலயத்தைக் கடவுளின் மரத்தோடு ஒப்பிட்டார். கியோர்க் ஃபோர்ஸ்டர் 1790-இல் கொலோன் பேராலயத்துக்குள் நின்று, தூண்களை ஆதிகாலக் காட்டின் மரங்களாகப் பார்த்தார். எல்லாரையும் மிஞ்சியவர் ஸ்காட்லாந்துக்காரரான சர் ஜேம்ஸ் ஹால். நிலவியல் அறிஞர். சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்காதவர் போலும். தோட்டத்தில் வில்லோக் கொம்புகளை நட்டு, வளைத்துக் கட்டி, ஒரு குட்டி கோத்திக் தேவாலயத்தையே எழுப்பிப் பார்த்தார்.

ஷிங்கெல் தலைமுறை இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது: கோத்திக் என்றால் பழைய ஜெர்மானியம். ஓக் ஜெர்மானியர் மரம், கோத்திக் ஜெர்மானியர் கட்டடம், இரண்டும் நம்முடையவை. பிரெஞ்சுக்காரன் நாட்டைப் பிடிக்கலாம், இதைப் பிடிக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், கோத்திக் பிறந்ததே பாரிஸ் அருகில், சேன்-தெனி மடாலயத்தில், 1140-களில். அந்த உண்மை ஜெர்மனியில் பரவலாக ஏற்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. தோற்ற தேசம் ஒன்று தன் எதிரியின் கண்டுபிடிப்பையே தன் ஆத்மா என்று நினைத்து உருகியது. ஷிங்கெலைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கிடைத்த வரலாறு அவ்வளவுதான்.

அதே 1810 ஜூலை 19 அன்று பிரஷ்யாவின் அரசி லூயிசே 34 வயதில் இறந்தார். நாடே அவரைத் தாயாக நினைத்து அழுதது. ஷிங்கெல் அவருக்கு ஒரு கோத்திக் நினைவு மண்டபம் வரைந்தார். அதன் வளைவுகள் பனையோலை விரிவதுபோல் தூண்களிலிருந்து விரியும், உள்ளே செவ்வொளி பரவும். அந்த ஆண்டு பெர்லின் கலைக்கழகக் கண்காட்சியில் வடிவம் வைக்கப்பட்டது. கட்டப்படவில்லை. அரசர் விரும்பியது கிரேக்கக் கோயில் போலத் தடித்த எளிய தூண்கள் கொண்ட டோரிக் முகப்பு. ஷார்லோட்டன்புர்க் தோட்டத்தில் இன்று நிற்பது அதுதான், ஹைன்ரிஷ் கெண்ட்ஸ் கட்டியது. ஆக, கட்ட முடியாத கோத்திக் தேவாலயம் ஒன்று ஷிங்கெலிடம் அந்த ஆண்டு மிச்சம் நின்றது. கல்லச்சில் அது இலைகளுக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்கிறபோது, கட்டக் கிடைக்காதவன் அதைத் தோப்புக்குள் வைத்துக் காத்துக்கொண்டான் என்று எனக்குத் தோன்றும். இது என் வாசிப்பு. ஆவணம் எதிலும் இல்லை.

இதை அவருடைய பிள்ளைப் பருவத்தோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. நோய்ருப்பீன் என்ற சிற்றூரில் 1781-இல் பிறந்தார். தந்தை லூத்தரன் போதகர். 1787 ஆகஸ்டில் ஊரின் பெரும்பகுதி தீயில் போயிற்று. தீயணைப்பில் ஈடுபட்டு நோயுற்ற தந்தை அதே ஆண்டு இறந்தார். அப்போது ஷிங்கெலுக்கு ஆறு வயது. தேவாலயம், கல்லறை, வெளியே நின்று கேட்கும் ஒருவர். முடிச்சுப் போட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் போட்டால் படம் சுருங்கிவிடும் என்பது என் எண்ணம்.

இந்தப் படத்துக்கு இரட்டைப் பிள்ளை ஒன்று உண்டு. ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் 1809, 1810-இல் வரைந்த ‘ஓக் காட்டில் மடாலயம்’. அதே 1810-இல், அதே கலைக்கழகக் கண்காட்சியில் வந்தது. அங்கேயும் ஓக், அங்கேயும் கோத்திக், அங்கேயும் கல்லறை. ஆனால் ஓக் இலையுதிர்ந்து எலும்பாக நிற்கிறது, தேவாலயம் இடிந்து ஒற்றைச் சுவராக நிற்கிறது, பனிக்கு ஊடே துறவிகள் சவப்பெட்டி தூக்கிப் போகிறார்கள். அங்கே பாட்டே கிடையாது. ஷிங்கெலிடம் மரம் முழுக்கத் தழைத்திருக்கிறது, கட்டடம் முழுசாக இருக்கிறது, உள்ளே ஆட்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே சாமான்களை வைத்துக்கொண்டு ஒருவர் முடிவை வரைந்தார், மற்றவர் திரும்பக் கட்டப்போவதை வரைந்தார். ஓவியமாக ஃப்ரீட்ரிஷ்தான் பெரியவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இரண்டில் எதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாய் என்று கேட்டால் கல்லச்சைத்தான் கேட்பேன்.

ஃப்ரீட்ரிஷ் பெயரை எடுத்ததால் ஒரு கட்டுக்கதையையும் துடைத்துவிடுகிறேன், தேடினால் உங்கள் கண்ணிலும் படும். 1810 கண்காட்சியில் ஃப்ரீட்ரிஷின் ‘மூடுபனிக் கடலின் மேல் வழிப்போக்கன்’ ஓவியத்தைப் பார்த்த ஷிங்கெல், இப்படி நம்மால் ஒருநாளும் முடியாது என்று ஓவியத்தைக் கைவிட்டுக் கட்டடக் கலைக்குப் போனார் என்பார்கள். நல்ல கதை. ஆனால் அந்த ஓவியம் 1818 வாக்கில்தான் வரையப்பட்டது. எட்டு ஆண்டு முன்னால் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. ஷிங்கெலோ 1797-இல் கட்டடக் கலைஞர் ஃப்ரீட்ரிஷ் கில்லி (இவர் வேறு ஃப்ரீட்ரிஷ்) வரைந்த நினைவுச்சின்ன வடிவம் ஒன்றைக் கண்காட்சியில் பார்த்துக் கிறங்கி, பதினாறு வயதிலேயே கட்டடக் கலைஞராவது என்று முடிவுகட்டி, கில்லியிடமும் அவர் தந்தையிடமும் படித்தவர். ஓவியத்தையும் விடவில்லை. ‘நீரோரத்துக் கோத்திக் பேராலயம்’ 1813-இல் வந்தது, ‘ஆற்றங்கரை இடைக்கால நகரம்’ 1815-இல். இரண்டிலும் இந்தக் கல்லச்சின் தேவாலயம்தான் மரங்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்து வானத்தை முட்டுகிறது.

1810-லேயே அவருக்கு அரசாங்கக் கட்டட வாரியத்தில் வேலை கிடைத்துவிட்டது. பிரஷ்ய அரசில் செல்வாக்குள்ள அறிஞரான வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் கைகொடுத்தார். நெப்போலியன் விழுந்த பிறகு கட்டட வேலைகள் வந்து குவிந்தன, பெரும்பாலும் கிரேக்கப் பாணியில். 1816-இல் கொலோனுக்குப் போய், பாதியில் நின்றுபோயிருந்த பேராலயத்தின் நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அது முடிந்தது 1880-இல், அவர் இறந்து 39 ஆண்டுகள் கழித்து. கோத்திக்கில் பெர்லினில் அவருக்குக் கிடைத்த தேவாலயம் ஃப்ரீட்ரிஷ்ஸ்வெர்டர் தேவாலயம். 1831-இல் முடிந்தது, சிவப்புச் செங்கல். போய்ப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். சதுரமான, அடக்கமான கட்டடம், உச்சியில் கூர்கோபுரம்கூடக் கிடையாது. தோப்புக்குப் பின்னால் இருந்தது இதுவல்ல.

அசலைப் பார்க்க வேண்டுமானால் பெர்லின் அச்சுப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாள் வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் எப்போதும் சுவரில் இருக்காது. அங்கே படிப்பறை உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். லென்ஸை மறக்காதீர்கள். முதலில் மரங்களை விட்டுவிட்டு, இலைகளுக்கு நடுவே தேவாலயம் தெரியும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இலையின் விளிம்பு எங்கே முடிகிறது, கல் பின்னல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கோடாகத் தேடுங்கள். சில இடங்களில் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.